எண்ணெய் மணம்

செவ்வாய் இரவு, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

காலையில் குளிக்கப் பஞ்சியாக, ஒரே சோம்பலாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மணக்கிறது என்று வீட்டுக்கார அக்காவிடம் பொய் சொன்னேன்.

மத்தியானம் கடைக்காரர் என்னையே எச்சரித்தார். "தம்பி, உந்தத் தண்ணியைத் தொடாதேங்கோ. குடிச்ச பிள்ளை ஒண்டு சத்தியெடுத்ததாம்."

பின்னேரத்துக்குள் குற்றவாளியும் கிடைத்துவிட்டார். பக்கத்துக் கராஜ் செல்வமண்ணை கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றுகிறாராம். விடிந்ததும் ஒழுங்கைச் சனம், இந்தச் சின்னத் தெரு முழுக்க, திரண்டு அங்கே போகப்போகிறது. அடி விழும்.

பயந்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"செல்வத்துக்குப் பயந்து கதையை மாத்திறீர், என்ன? எனக்கும்தான் மணக்குது." வாளியை என் முகத்தருகே பிடித்தார்.

முகர்ந்தேன். மணந்தது.

இனி எதைச் சொல்லி அவர்களை மறிப்பேன்? செல்வமண்ணை இன்னும் கராஜில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார்.