பச்சைத் தவளையும் என் புகார்க் கடிதமும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா நல்ல சுகம், நானும் அப்படித்தான் என்று போன வாரம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன், மீதியைக் கீழே படித்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ அனுப்பிய பார்சல் ஏன் திரும்பி வந்தது என்று இரண்டு முறை கேட்டுவிட்டாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் உன் அம்மா செய்த தவளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பல்பு மாற்றக்கூட என்னைக் கூப்பிடுகிறவள், அறுபத்திரண்டு வயதில் திடீரென்று எலக்ட்ரீஷியன் ஆகிவிட்டாள். தெருமுனை ரேடியோக் கடைக்காரரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவாள், போனில் வீடியோ பார்ப்பாள், சாப்பாட்டு மேசையில் ஒயர் துண்டுகளும் ஈயக்கம்பியும் பரப்பிக்கொண்டு புகை நடுவே குனிந்திருப்பாள், நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவேன். நீ பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன பச்சை ஸ்வெட்டரின் கையை வெட்டி, பஞ்சடைத்து, பிங்பாங் பந்தை இரண்டாக அறுத்துக் கண் வைத்தாள். பேரனுக்காம். குழந்தை இதைப் பார்த்துச் சிரிக்குமா, ஜன்னி கண்டு விழுமா என்று கேட்டேன். முதல் நாள் கண் எரியவில்லை. பல்புக்கு நீளக் கால், குட்டைக் கால் என்று உண்டாம், மாற்றிப் பற்றவைத்துவிட்டாளாம். உன்னைத் தலைகீழாகத்தான் செய்திருக்கிறாள் என்று தவளையிடம் சொன்னேன். மறுநாள் இரண்டு கண்ணும் பச்சைப் பசேலென்று எரிந்தன, நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. இத்தனை பாடுபட்டு ஓர் ஊமைத் தவளையைப் பெற்றிருக்கிறாய் என்று சிரித்தேன். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அவருக்கு எப்போதும் கொஞ்சம் நாடகம் கூடுதல் என்று விட்டுவிட்டேன்.

இனி பார்சல். கூரியர்க்காரர் மூன்று நாள் வந்து மணியடித்தும் யாரும் திறக்கவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று நாளும் காலையில் உன் அம்மா நூலக வேலைக்குப் போய்விட்டாள், நான் முன்னறையில் வாசலிலிருந்து பத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் ஊரார் புகாருக்கெல்லாம் பதில் எழுதியவன், ஒரு புகார் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நான்கு பக்கம். அந்த ஆள் மணியே அடிக்காமல் என் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான் என்று எழுதி, அந்த வரியின் கீழே கோடும் போட்டேன். உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாள்தான் ரேடியோக் கடைக்குப் போக ஆரம்பித்தாள், இதை நான் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. தவளையை என் எதிரில் அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பேப்பரில் பாதி படித்திருப்பேன், அதன் கண் எரிந்து எரிந்து அணைகிறது. உன் தவளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, சும்மா சும்மா முழிக்கிறது என்று கத்தினேன். அவள் கரண்டியோடு வந்து நின்றாள். "அது சும்மா முழிக்கலைங்க. வாசல்ல ஆள் நிக்குது. ரொம்ப நேரமா மணி அடிக்குது" என்றாள். கதவைத் திறந்தால் புதிதாக ஒரு கூரியர்க்காரர், மணியில் வைத்த விரலை இன்னும் எடுக்கவில்லை. பழையவர் எங்கே என்று கேட்டேன். ஏதோ ஒரு வீட்டில் மணியடிக்காமல் போனதாகப் புகார் வந்து அவரைக் கிடங்கில் மூட்டை தூக்கப் போட்டுவிட்டார்களாம். எந்த வீடு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் காது இப்படி என்று எப்போதிலிருந்து தெரியும் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். ஒரு வருஷமாகத் தெரியுமாம். "நான் சொன்னா எனக்கும் நாலு பக்கம் எழுதியிருப்பீங்க" என்றாள்.

மறுநாள் கூரியர் ஆபீசுக்குப் போனேன். மணி அடித்தது உண்மை, கேட்காதது என் காது என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் சரி போங்கள் என்றார். அந்த ஆளைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தார், உன் வயதுதான் இருக்கும். சொல்ல வந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "மூணாம் நாள் ஜன்னல் வழியா உங்களப் பாத்தேன் சார். கையக்கூட ஆட்டினேன். நீங்க பேப்பரைத் திருப்பிட்டீங்க. என்னைப் பாக்கப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்" என்றார். வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் பேப்பரைத் தொடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவரைப் பழையபடி நம் தெருவுக்கே அனுப்புகிறார்கள், அதனால் பார்சலைத் தைரியமாக மறுபடி அனுப்பு.

காது டாக்டரையும் பார்த்தாயிற்று. மெல்லிய கீச்சொலி எதுவும் இரண்டு காதுக்கும் எட்டவில்லை, மெஷின் வைக்க வேண்டும் என்கிறார். வைத்துக்கொள்கிறேன். நீ அங்கே வேலை வேலை என்று வேளை தவறிச் சாப்பிடாதே. மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். பேரன் நீண்ட ஆயுளோடு எல்லாரும் மெச்ச வளர வேண்டும், உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்று மறந்துவிடாதே. வீடியோவில் பேசும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதே, முகம் இருட்டாகத் தெரிகிறது. நீ பேசுவதில் பாதியை இத்தனை நாளும் உன் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன். மீதிப் பாதிக்குச் சிரித்து வைத்திருக்கிறேன், அதில் நீ அழுதது ஏதாவது இருந்தால் அப்பாவை மன்னித்துக்கொள்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா