அட்டையில் இருந்தால் நடக்க வேண்டும்

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

உன் தையல்காரன் எழுதுவது. நானும் நம் வாண்டுவும் நலம். நீ அந்தத் தூரத்து ஆஸ்பத்திரியில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும். பள்ளியில் அவளை வைத்துக்கொள்ளாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயே, ராஜினாமாக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லையே? இதைப் படித்து முடிக்கும்வரை கொடுக்காதே. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ பயந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்க ஒரு மாதம் பார்க்கலாம் என்று தலைமையாசிரியை தவணை சொன்னது உனக்குத் தெரியும். முதல் வாரம் நன்றாகவே போனது. சட்டைக் காலரில் இருந்த லேபிளைப் பிரித்து எடுத்தேன். கழுத்தைச் சொறிவது நின்றது. வகுப்பு டீச்சர் சுவரில் படஅட்டைகளை வரிசையாக மாட்டியிருப்பார். பாட்டு, கை கழுவுதல், சாப்பாடு, விளையாட்டு, கடைசியில் வீடு. முடிந்ததை எடுத்துக் கீழே இருக்கும் பெட்டியில் போட வேண்டும். அடுத்தது என்ன என்று தெரிந்தால் நம் மகளுக்குப் பயமில்லை.

சும்மா இருக்காமல் நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னே போனேன். அட்டைகளுக்குத் துணி உறை தைத்துக் கொண்டுபோய் நானே மாட்டினேன். அவளுக்குப் பிடிக்குமே என்று வீட்டு அட்டையை முதலில் மாட்டிவிட்டேன். அவள் உடனே பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். உள்ளே கூப்பிடக் கூப்பிட ஒரே அலறல். தலைமையாசிரியையின் முகம் போன போக்கில் நான் பாதி செத்தேன். டீச்சர் மட்டும், "அவ ஒரு தப்பும் பண்ணலைங்க. அட்டையில இருந்ததைத்தான் பண்ணினா" என்றார். ஊரெல்லாம் அளவெடுக்கிறவனுக்குச் சொந்த மகளை அளவெடுக்கத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை தவணையின் கடைசி நாள். அன்றைக்குப் பார்த்து டீச்சருக்குக் காய்ச்சல்! பதிலுக்கு வந்தவருக்கு அட்டை விஷயம் தெரியாது. பாட்டு முடிந்தும் பாட்டு அட்டை அப்படியே இருக்க, திரும்பத் திரும்பப் பாடவிட்டார். பதினேழு பிள்ளைகளும் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தார்கள். நம்மவள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில். வராந்தாவில் நின்ற எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே பாயப் போனவனைத் தலைமையாசிரியை கையை நீட்டித் தடுத்தார்.

வாண்டு மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். ஒரு கை காதில். மறு கையால் பாட்டு அட்டையைப் பிய்த்துப் பெட்டியில் போட்டாள். கை கழுவும் அட்டையை மூன்று தட்டுத் தட்டினாள். முன்பல் விழுந்த சுருட்டைமுடிக்காரி முதலில் பார்த்தாள், ஓடிவந்து வரிசையில் நின்றாள். அடுத்து ஒன்று, இன்னொன்று. கடைசியில் பதினேழும் குழாய்க்குப் போயின. புது டீச்சரும் பின்னாலேயே போனார்!

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே தவணை கிவணை எதுவும் கிடையாது. அவ நம்ம பிள்ளை" என்றார். மற்ற இரண்டு வகுப்புகளுக்கும் அதே மாதிரி அட்டை உறை தைத்துத் தரச் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நம் மகள் ஜெயித்துவிட்டாள். ராஜினாமாவைக் கிழித்துப் போடு.

இன்னொன்று. வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒரு வரிசை ஒட்டியிருக்கிறேன்: குளியல், சாப்பாடு, கதை, தூக்கம். ஞாயிற்றுக்கிழமை அவளே உன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்துவந்து கதைக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒட்டினாள். தினமும் கதை அட்டையை எடுத்துவிட்டு அதுவரைக்கும் வருகிறாள், வாசலைப் பார்க்கிறாள். போனில் உன் முகத்தைக் காட்டினேன், அவளுக்கு அது செல்லாது. நானே எடுத்துவிடலாம்தான். ஆனால் நடக்காத அட்டையை எடுக்கக் கூடாது, அது அவள் சட்டம்.

ஒரு பத்து நாள் லீவு கேட்டுப் பார். நீ வந்து வாசலில் நின்றால் போதும், அட்டையை அவளே எடுப்பாள்.

வழி பார்த்திருக்கும்,
உன் தையல்காரன்