தலையாட்டிய எட்டு நாள்

மார்ச் 4, செவ்வாய்
கதிர்வீச்சுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் அம்மா ஐந்து டம்ளர் தண்ணீர் குடித்து அடக்கிக்கொள்ள வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் மேலே ஒதுங்குமாம். கதிர் கர்ப்பப்பை வாயில் இருக்கும் கட்டியில் சரியாக விழுமாம். கொடுத்தேன். முறை வர நேரமாயிற்று. காத்திருந்த இடத்திலேயே துணி நனைந்துவிட்டது. எதிரில் நாலு பேர். அம்மா என் பையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டாள்.

மார்ச் 5, புதன்
"ரெண்டு வாய் போதும்டி. கேட்டா குடிச்சாச்சுன்னு சொல்லிடு."
மெஷின் பார்க்கும் அக்கா கேட்டாள், "தண்ணி முழுசா குடிச்சாங்களா?"
தலையாட்டினேன். பொய் சொல்லக்கூட வாய் திறக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
இன்றும் தலையாட்டல்தான். "ஊமைப் பொண்ண பெத்ததுல ஒரு லாபம்" என்று அம்மா சிரித்தாள். சிரிக்கிறாளே, அப்படியானால் சரிதானே?

மார்ச் 17, திங்கள்
பழைய மெஷின் ரிப்பேர். புதியதில் படுக்கவைத்தார்கள். இது தினமும் முதலில் வயிற்றுக்குள் படம் எடுத்துப் பார்க்குமாம். பழையதில் எலும்பு மட்டும்தான் தெரியுமாம்.
அக்கா வெளியே வந்தாள். "பை காலியா இருக்கே. இன்னிக்கு மட்டுமா, தினமுமா?"
"இன்னிக்கு மட்டும்."
அதற்கு மட்டும் வாய் வந்தது. தண்ணீர் குடிக்கவைத்து, பை நிறைந்த பிறகே கதிர் கொடுத்தார்கள்.

மார்ச் 18, செவ்வாய்
எட்டு நாள் — குடல் வெந்திருக்குமா? நான் ஒன்பதாம் வகுப்போட படிப்பை நிறுத்தினவதான். அதுக்காக, தண்ணி ஏன் குடிக்கணும்னு ஆஸ்பத்திரில குடுத்த தாளைப் படிக்கத் தெரியாதா எனக்கு? எல்லாம் புரிஞ்சுதானே படிச்சேன்.

மார்ச் 19, புதன்
டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன், தரையைப் பார்த்தபடியே.
"எத்தனை நாள்?"
"எட்டு."
எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"மிச்ச நாளுக்குத் திரும்பத் திட்டம் போடுறோம். நனைஞ்சா நனையட்டும், மாத்துத்துணி கொண்டு வா."
பஸ்ஸில் அம்மா தள்ளி உட்கார்ந்தாள். "என் மானத்தை வாங்கிட்டே."

ஏப்ரல் 4, வெள்ளி
இருபத்தைந்தாவது, கடைசி. ஐந்து டம்ளரும் குடித்தாள். என் கையிலிருந்து வாங்காமல், தானே ஊற்றிக்கொண்டு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
கட்டி போய்விட்டது. படத்தைக் காட்டினார்கள். அம்மா அழுதாள். பிறகு, மூன்று மாதமாக நிற்காத வயிற்றுப்போக்கைச் சொன்னாள்.
"அந்த எட்டு நாளாலயா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.
"ஒழுங்கா குடிச்சவங்களுக்கும் வரும். இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா."
உன்னால்தான் என்று யாராவது சொல்லிவிட்டால்கூடத் தேவலை.
மருந்துக்கு வரிசையில் நின்றபோது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன், "கக்கூஸ் எந்தப் பக்கம்?" எல்லாரும் திரும்பினார்கள்.
அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"இருக்கியாடி?"
"இருக்கேம்மா."