ஏமஸ் ஐயா மறந்த இங்கிலீஷ்

நவ. 10, திங்கள்

விடிஞ்சதிலிருந்து மழை. நம்ம கெஸ்ட் ஹவுஸ் மேல் ரூம் பெட்ஷீட் இன்னும் காயல. அங்க தங்கியிருக்கிற அமெரிக்கக்காரர் ஏமஸ் ஐயா, சொல்லச் சொல்லக் கேக்காம மலைக்குப் போனார். மத்தியானம் கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க கைத்தாங்கலா கூட்டியாந்தாங்க. தேயிலைக்குள்ள வழுக்கி விழுந்திருக்கார். பின்மண்டையில வீக்கம், ரத்தம் இல்ல. ஆஸ்பத்திரி வேணாமாம். டீ குடிச்சிட்டு சிரிக்கிறார்.

எனக்கென்னவோ மனசு சரியில்ல.

நவ. 11, செவ்வாய்

காலையில ஐயா கதவைத் தட்டினா, உள்ளயிருந்து ஏதோ பாஷை. நேத்து வரைக்கும் இங்கிலீஷ்ல கதை பேசின மனுசன். இப்ப நான் இங்கிலீஷ்ல கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிறார். "இக் வில் ஹேம், இக் வில் ஹேம்."

பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் ஜெர்மன் பிள்ளையைக் கூப்பிட்டேன். "வீட்டுக்குப் போகணுமாம். ஆனா இது நாங்க பேசுற ஜெர்மன் இல்ல. பாதிதான் புரியுது."

நம்ம தெரு ஆட்டோக்காரன் அந்தோணி வண்டியிலயே பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஸ்கேன். மண்டைக்குள்ள ரத்தக்கட்டு. இன்னைக்கே ஆபரேஷனாம். ஐயா யாரையும் கிட்ட விடல, ஊசியைப் பிடுங்கி எறிஞ்சார். "செத்துட்டா பொலிஸ் நம்மளத்தான் கேக்கும்"னு அந்தோணி. நானும் அதையேதான் நெனச்சேன். கர்த்தரே.

ஐயா போன் அடிச்சது. மகள் கேட். அப்பா குரலைக் கேட்டதும் அழுதுட்டாங்க. "எனக்கும் புரியல. அது அப்பா பொறந்த வீட்டுப் பேச்சு. பல தலைமுறைக்கு முந்தி ஜெர்மனி பக்கமிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஒரு பழைய கிறிஸ்தவ சபைச் சனம். இன்னும் குதிரை வண்டிதான், வீட்டுக்குள்ள போன் கிடையாது. அப்பா இளவயசுலயே அந்தச் சபைய விட்டு வந்துட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரல. அத்தை வீட்டுக்குக் கார்ல போய், என் போன்ல அவங்களைப் பேச வைக்கிறேன்."

சாயந்தரம் வரைக்கும் காத்துக் கிடந்தோம்.

மறுபடி போன். அத்தை பேரு லிடியா. ஐயா காதுல வச்சேன். அந்தப் பக்கம் கேட் அவங்ககிட்ட கெஞ்சுறது கேட்டுச்சு. வச்சிருவாங்களோன்னு பயந்தேன். அப்புறம் மெதுவா ஏதோ சொன்னாங்க. ஐயா சின்னப்புள்ள மாதிரி பதில் சொன்னார். கண்ணுல தண்ணி. தானா நர்ஸ்கிட்ட கையை நீட்டினார்.

நவ. 12, புதன்

ராத்திரியே ஆபரேஷன் முடிஞ்சுது. கண்ணு தொறக்கல. சோறு எறங்கல எனக்கு. மழை.

நவ. 14, வெள்ளி

கண்ணு தொறந்துட்டார். இங்கிலீஷ் ஒவ்வொரு வார்த்தையா வருது. டொக்டர், "பயமில்ல, ஆனா இன்னும் பாக்கணும்." காய்ச்சல் வந்துருமோன்னு எனக்குக் கவலை.

புது நம்பர்ல போன். லிடியாம்மா, இங்கிலீஷ்ல. "வயலோரத்துப் போன் கொட்டாயிலிருந்து பேசுறேன். சபைய விட்டுப் போனவன்கூட நாங்க ஒரு மேசையில உக்காந்து சாப்பிடக்கூடாது. நான் பேசினது இங்க யாருக்கும் தெரியாது."

வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"சாப்பிட்டானா?"