வேலூருக்காக வாங்கிய சர்டிபிகேட்

சேக்காடு, ஆவடி
3-1-1989

அன்புள்ள அன்வர் அண்ணனுக்கு, தங்கை நாகம்மா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் பிள்ளைகளும் நலம். அவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

முதலில் உங்கள் வீட்டுச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி போய் லத்தீஃபா அண்ணியைப் பார்த்தேன். குழந்தைக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. விரலைக் கொடுத்தால் கடித்துவிடுகிறாள். சவூதியிலிருந்து நீங்கள் அனுப்பிய கம்பளி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. இந்த ஊர்க் குளிருக்கு இது எதற்கு என்று அண்ணி சிரிக்கிறார்.

இனி உங்கள் கூட்டாளி செய்தி. இருவரும் சேர்ந்து சைக்கிள் மிதித்த நாளிலேயே நீங்கள் கெடு வைப்பீர்கள், அவர் முடிப்பார். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகியும் கெடு மட்டும் தபாலில் வந்துகொண்டே இருக்கிறது. கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். திருவள்ளூர், காஞ்சிபுரம், அதற்குக் கீழே வேலூர். முதல் இரண்டையும் முடித்துக் கோடு போட்டாகிவிட்டது. வேலூர் போய்த் திரும்பும் போட்டி இந்த மாதம் 29-ஆம் தேதி. பதினோரு மணி நேரத்தில் திரும்பினால்தான் நீ ஆம்பளை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். விளையாட்டுக்குத்தான், எனக்குத் தெரியும். ஆனால் வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவலைக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் அண்ணா, மறைப்பானேன்.

மார்கழி பிறந்த அன்று விடியற்காலையில் மிதிக்கப் போனவர் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் விழுந்துவிட்டார். யாரோ பால்காரர் தூக்கிவிட்டிருக்கிறார். “இன்னாத்துக்குப் பதர்றே? நாய் குறுக்க வந்துச்சு, அவ்ளோதான்” என்றார். நானும் நம்பி, மருந்து போட உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். மூக்கும் தாடையும் தேய்ந்து ரத்தம், உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. விழுகிறவன் கையைத்தானே முதலில் ஊன்றுவான்? எங்கள் பெரியவன் விழுந்த ஒவ்வொரு முறையும் கைதான் கிழிந்திருக்கிறது. இவருக்கு விழுவதற்கு முன்பே நினைவு தப்பியிருக்கிறது அண்ணா.

போட்டி நடத்துகிறவர்கள் டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள். அதையும் வாங்கிவந்து என்னிடம் நீட்டினார். ஜம்புலிங்கம், வயது 34, இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. மார்பில் ஒயர் வைத்து எடுத்த படமும் கூட இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கே அம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினேன்.

நேற்று என் கொழுந்தன் அய்யாசாமி வந்து, அடுப்பங்கரையில் நின்று அழுதான். டாக்டரிடம் போனது அவனாம். இவர்தான் நம்மைத் தெரியாத டாக்டராகப் பார்த்துத் திருமுல்லைவாயிலுக்கு அவனை அனுப்பி, தன் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். “அண்ணன் கால்ல உழாத குறையா கேட்டுச்சு அண்ணி, நான் இன்னா பண்றது” என்கிறான். பெயர்தான் இவருடையது, படத்தில் இருக்கிற இதயம் தம்பியுடையது. நான் ஏற்றிய கற்பூரமும் அவனுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

தானே போனால் டாக்டர் என்ன சொல்வார் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் போகிறவரைச் சொல்லித் தடுக்கலாம், தெரிந்தே போகிறவரை என்ன செய்வது? அழுதேன், சண்டை போட்டேன், சைக்கிளை ஒளித்தும் வைத்தேன். “அன்வர் இன்னா நெனைப்பான்?” இந்த ஒரு பேச்சுதான் அவர் வாயில் வருகிறது.

நீங்கள் சொன்னால் கேட்பார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப் பதினான்கு நாள் ஆகும். நீங்கள் பதில் எழுதி அது இங்கே வருவதற்குள் போட்டி முடிந்துவிடும். அதனால் எழுத வேண்டாம், போன் பண்ணுங்கள். எதிரே அரிசிக்கடை பக்தவத்சலம் நம்பரைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இவர் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், கூப்பிட்டால் ஓடி வருவார். அவரிடம், அடுத்த வருஷம் லீவில் வருகிறேன், நான் இல்லாமல் வேலூர் போகாதே, அதற்குள் டாக்டரைப் பார்த்துவிடு, இதுதான் இப்போது கெடு என்று சொல்லுங்கள். உங்களுக்கு லீவு கிடைக்காது என்று அண்ணி சொன்னார். பரவாயில்லை, பொய்யாகவே இருக்கட்டும்.

இதை எழுதும்போது வாசலில் சக்கரத்தைக் கழற்றிக் கிரீஸ் போட்டுக்கொண்டிருக்கிறார். இவ்வளவு நேரம் விசில் அடித்துக்கொண்டிருந்தார், இப்போது சத்தம் இல்லை. பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்தேன். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. என்ன என்று கேட்டால், சக்கரத்திலிருந்து கீழே விழுந்த பால்ரஸ் குண்டைத் தேடுகிறாராம். குண்டெல்லாம் பக்கத்தில் கிண்ணத்தில்தான் இருந்தது.

கடிதம் கிடைத்த அன்றைக்கே பேசுங்கள் அண்ணா, மறுநாள் என்று வைக்காதீர்கள். உங்களை அந்த அல்லா நன்றாக வைக்கட்டும். அங்கே டாக்டர் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் நீங்களே போங்கள், வேறு யாரையும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
நாகம்மா