புதருக்குள்ள கேட்ட குரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லா இருக்கியா? எல்லா ஆப்லயும் என்னை பிளாக் பண்ணி வெச்சிருக்க, அதான் பேப்பர்ல எழுதறேன். கோழிக் கிறுக்கலாத்தான் இருக்கும், பொறுத்துக்கோ.

முதல்ல நல்ல சேதி! யுனிவர்சிட்டி விலங்கு நடத்தை ஆராய்ச்சி மையத்துல என்னைச் சேத்துக்கிட்டாங்க! அவங்க குரங்கு லைவ் கேமராவே கதின்னு கிடந்து, எது யாரோட குட்டின்னு கமெண்ட் போட்டுப் போட்டே பேராசிரியர் கண்ணுல பட்டுட்டேன். "குரங்குக்கெல்லாமாடி ரசிகையா இருப்பாங்க?"ன்னு அப்பாகூட சிரிச்சாரு. நீ வீட்டை விட்டுப் போனதுக்கப்புறம் அவர் சிரிச்சு இப்பதான் பாக்கறேன்.

இங்க ஒரு சோதனை பண்றோம். குட்டிங்க குரலை ரெக்கார்ட் பண்ணி, புதருக்குள்ள ஒளிச்சு வெச்ச ஸ்பீக்கர்ல போடுவோம். அம்மாக்குரங்கு தன் குட்டி குரலுக்கு மட்டும் திரும்புதான்னு பாப்போம். செத்துப்போன குட்டியோட குரலை மட்டும் போடவே கூடாது. அது சட்டம்.

போன வாரம் ரிசர்ச் ஸ்டூடண்ட் ஒருத்தர் ஃபைலை மாத்திப் போட்டுட்டாரு. மூக்கின்னு ஒரு அம்மாக்குரங்கு, அவளோட குட்டி. மழைக்காலத்துல காய்ச்சல்ல போனது.

மூக்கி கையில இருந்த பழத்தைப் போட்டுட்டு ஓடினா. புதரைப் பிச்சு எறிஞ்சா. ஒரு குரல் குடுத்தா, நிறுத்தினா, தலையைச் சாய்ச்சுக் கேட்டா. மறுபடியும் ஒரு குரல், மறுபடியும் நிறுத்தினா. குட்டி பதில் சொல்லட்டும்னு இடம் விடறாடா. ஸ்பீக்கரை எடுத்தாச்சு, இன்னும் அங்கயேதான் உக்காந்திருக்கா. சாப்பிட வரமாட்டேங்கறா. இன்னொரு தடவை அந்தக் குரலைப் போட்டா சாப்பிடுவாளான்னு பேராசிரியர்கிட்ட கேட்டேன். "சாப்பிடுவா. அப்புறம் அந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே மாட்டா"ன்னாங்க.

நேத்து வீட்டுக்கு வந்தா, சமையலறையில உன் குரல்! வந்துட்டியோன்னு செருப்பைக்கூட கழட்டாம ஓடினேன். அம்மா தனியா நின்னுட்டிருந்தாங்க, கையில போன். எப்பவோ நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ். "வர லேட்டாகும்மா, நீ சாப்பிட்டுப் படு." அம்மா "சரிப்பா"ன்னாங்க. கொஞ்ச நேரம் சும்மா நின்னாங்க. திரும்பவும் போட்டாங்க.

நான் சத்தமில்லாம வெளிய வந்துட்டேன்.

அப்பா சொன்னதும் தப்பு, நீ திருப்பிச் சொன்னதும் தப்பு, அந்தச் சண்டையை அப்புறமா வெச்சுக்கலாம். இப்ப அம்மாவுக்கு போன் பண்ணுடா. மெசேஜ் மட்டும் அனுப்பிடாதே, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். பேசு. அவங்க நிறுத்தும்போது நீ பதில் சொல்லணும்.

உடம்பைப் பாத்துக்கோ.

இப்படிக்கு,
உன் வாயாடி தங்கச்சி