மறுபடி எடுத்த மார்புப் படம்

அன்பு மகள் பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் தம்பியும் சுகம். நானும் சுகம்தான், வலது மணிக்கட்டு மட்டும் மாவுக்கட்டில் கிடக்கிறது, இடது கையால் கிறுக்குகிறேன், பொறுத்துக்கொண்டு படி. அங்கே உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இல்லையே? தம்பி போனில் உன்னிடம் சினிமாச் சண்டை மாதிரி அளந்துவிட்டானாம், அப்பா சொன்னார். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

போன மாதக் கடைசியில் எங்கள் எக்ஸ்ரே அறைக்கு ஒரு தையல்காரப் பெண் வந்தாள். இடது மார்பில் கட்டி என்று டாக்டரம்மா அனுப்பியிருந்தார். மேலாடையை விலக்கினாள். மார்பெல்லாம் கன்றிப் போய்க் கருநீலம், ஓரத்தில் மஞ்சள். என்னம்மா இது என்றேன். “கதவுல இடிச்சுக்கிட்டேன்” என்றாள். எந்தக் கதவுக்கு முஷ்டி இருக்கிறது? படம் எடுக்க மார்பின் மேல் தட்டை இறக்கி அழுத்தியதும் அலறிவிட்டாள். எக்ஸ்ரே குழாய் வில்போல் வளைந்து நகர்ந்து படம் படமாக எடுக்கிற அந்தச் சில விநாடிகூட அவளால் அசையாமல் நிற்க முடியவில்லை, எல்லாம் கலங்கிவிட்டது. படத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்த டாக்டரம்மா, “ரத்தக்கட்டுதான் பெருசா தெரியுது, ஆனா அதுக்குப் பின்னாடி வேற ஏதோ இருக்கு, இன்னொரு தடவ எடுங்க” என்றார்.

இரண்டாம் முறை தட்டு இறங்கி அழுத்திய நேரம், கதவை உதைத்துக்கொண்டு அவள் புருஷன் உள்ளே வந்தான். “இவ்வளவு நேரம் எவகிட்டடி என்ன ஓதிக்கிட்டிருக்க” என்று கத்தி அவள் முடியைப் பிடித்து இழுத்தான். மார்பு தட்டுக்குள் மாட்டியிருக்கிறது பாப்பு, அவன் இழுக்கிறான். அந்த அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. நான் கால்மிதியை மிதித்துத் தட்டை விடுவித்தேன். அவள் சரிந்து நெற்றி இயந்திர விளிம்பில் மோதி ரத்தம் கொட்டியது, விழுந்தவளின் விலாவில் உதைத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். முக்காலியைத் தூக்கி என் தலைக்கு ஓங்கினான், கையைக் கொடுத்தேன், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கதிர் படாமலிருக்க நாங்கள் போட்டுக்கொள்கிற ஈய அங்கி சுவரில் தொங்கியது, அதை இடது கையால் இழுத்து அவன் தலைமேல் போட்டேன், அது என்ன கனம் என்று உனக்குத் தெரியும். தடுமாறி விழுந்தான், நான் அதன் மேலேயே விழுந்து அழுத்தினேன். காவலாளி வந்து என்னைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. இதில் தம்பி சொன்ன பறந்து உதைத்த கதையெல்லாம் கிடையாது.

போலீஸ் அவனை இழுத்துப் போனபின், நர்ஸ் தையல் போடக் கூப்பிட்டாள். அந்தத் தையல்காரப் பெண்ணோ நெற்றியில் துணியைப் பொத்திக்கொண்டு, “மொதல்ல படத்த எடுங்க, இன்னிக்கு விட்டா அப்புறம் என்னை வரவே விடமாட்டாங்க” என்றாள். என் கூட வேலை செய்யும் பெண் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து எடுத்தாள். துண்டைக் கடித்துக்கொண்டு சிலைபோல் நின்றாள் அந்தத் தையல்கார மகராசி. ரத்தக்கட்டு சில அடுக்குகளில் மேகம்போல் இருந்தது, அதைத் தாண்டி ஆழத்தில் முள் முள்ளாக ஒரு சின்னக் கட்டி. பழைய மாதிரி ஒரே தட்டையான படமாயிருந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைந்தே போயிருக்கும். சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றுதான். முந்தாநாள் அறுவை முடிந்தது, அக்குளுக்குப் பரவவில்லை. அவள் அக்காக்காரி துணைக்கு இருக்கிறாள். அவள் புருஷன் ஜாமீனில் வந்து நம் வீட்டு வாசலில் நின்று, அடுத்த தடவ கையோட விடமாட்டேன் என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனான், புகார் கொடுத்திருக்கிறோம். அப்பா வேலையை விடு என்கிறார். கட்டுப் பிரித்ததும் நான் வேலைக்குப் போகத்தான் போகிறேன். நேற்று அவளைப் பார்க்கப் போனபோது, “அந்த அங்கிக்கடியில அவன் செத்திருக்கக் கூடாதான்னு நெனச்சேன், தப்பாம்மா?” என்று கேட்டாள். நானும் அதையேதான் நினைத்து அழுத்தினேன் என்று அவளிடம் சொல்லவில்லை, தலையைத் தடவிக் கொடுத்தேன்.

எந்தக் கோணத்தில் எத்தனை படம் எடுத்தால் கட்டி தெளிவாகத் தெரியும், கதிரும் குறையும் என்று நீ அங்கே அந்த இயந்திரத்தைத்தானே சீர்படுத்துகிறாய். பிளாஸ்டிக் மார்பை வைத்துச் சோதிப்பதாகச் சொன்னாய், அதற்கு வலிக்காது கண்ணு. லேசாக அழுத்தினாலும், ஆள் நடுங்கினாலும் படம் விழ வழி பார். கலங்கிய படங்களைச் சோதனைக்கு ஆகாது என்று தள்ளிவிடாதே, அடிபட்டு வருகிறவர்கள் அதில்தான் இருப்பார்கள்.

நோய்நொடி அண்டாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, எடுத்த காரியம் கைகூடி நன்றாக இரு. உனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஊரார் படத்தையெல்லாம் பார்க்கிறாயே, உன் படம் எடுத்தாயா? போன் செய்யும்போது முதலில் அதைச் சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா